பூஜ்யம் நிற்கவில்லை

மேடையில் ஒன்றுமில்லை.
ஒரு காக்கை கூட இல்லை.
சிவப்பு எழுத்தில் இருபது கிலோ.
பிறகு நாற்பது.
பிறகு கழித்தல் இருபது.

அயோத்தியாபட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில்
புளித்த வாசனையை வைத்தே
வண்டியைத் திருப்பலாம். ஜவ்வரிசி ஆலை.
களத்தில் வெள்ளையாய்க் காய்கிறது மாவு.
அதற்கும் பின்னால், வெகு தூரத்தில்,
வெயிலில் வெளுத்துப்போன சேர்வராயன் மலை.

மூன்று நாளாகச் சண்டையாம்.
குச்சிக்கிழங்கு டிராக்டரில் சாய்ந்தபடி
பாவாயி சொல்கிறாள்:
"கிழங்கோட ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை,
கழிச்சுப் பாத்தா
என் வயித்தெரிச்சல்தான் மிச்சம்."
முதலாளி தங்கராசு
முத்திரை ஆய்வாளர் போட்ட ஈயத்தைக் காட்டுகிறார்,
உடையாத ஈயம்.
இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள்,
நான் மற்றவரின் ஆள் என்பது போல.

எதையும் தொடவில்லை. சேர் கேட்டேன்.
டீ வந்தது. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
தோலுரிக்கும் எந்திரம் ஓய்ந்தது, அரவை ஓய்ந்தது,
குடோன் புறாக்கள் பேசுவது கேட்டது.
பாட்டரியில் ஓடும் டிஸ்பிளே மட்டும்
பூஜ்யம்
பூஜ்யம்
பூஜ்யம்.

கரண்ட் வந்தது. மோட்டார் சுற்றியது.
நாற்பது.

மோட்டாரின் வேகத்தை மாற்ற
போன தையில் வாங்கி மாட்டிய பெட்டி
மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கில் நறுக்குகிறது.
சில்லுகள் நாலாபக்கமும் தெறிக்கின்றன.
லோடு செல்லோ வாய் திறவாத பிறவி,
பத்து டன்னைத் தலையில் வைத்தாலும்
சில மில்லிவோல்ட்டில்தான் முனகும்.
அந்த முனகல் நூற்றியிருபது அடி நடந்து வருகிறது,
ஒரே பிளாஸ்டிக் குழாயில்
மோட்டார் கேபிளோடு தோளுரசிக்கொண்டு.

சட்டை இல்லாமலில்லை.
கேபிளைச் சுற்றிச் செம்புவலை,
நல்ல வலை.
எதற்கும் இருக்கட்டும் என்று
இரண்டு முனையிலும் எர்த்தில் கட்டியிருந்தார்கள்.
அங்கேதான் வினை.
மேடைப்பக்க மண்ணும் ஆபீஸ்பக்க மண்ணும்
மின்சாரத்துக்கு ஒரே மண் இல்லை.
ரெண்டுக்கும் உள்ள மனஸ்தாபம்
சட்டை வழியாகவே ஓட ஆரம்பித்துவிட்டது.

ஆபீஸ்பக்கத்துப் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
சுவரோரம், பீரோவுக்குப் பின்னால்,
உரக்கடைக் காலண்டருக்குக் கீழே
பூச்சுக்குள் நுழைந்து
ஒரு ஆணியில் முடிந்தது.
ஆணி செங்கலில் முடிந்தது.
போட்ட ஆள் இப்போது திருப்பூரில் என்றார்கள்.

வெளியே நிஜமான எர்த் குழி ஒன்று இருந்தது.
மூடியைத் தூக்கினால் பல்லி.
கரியும் உப்பும் காய்ந்து
சித்திரைக்கு மண் பாளம் விட்டிருந்தது.
மீட்டர் முப்பத்தெட்டு ஓம்.
எட்டுக் குடம் ஊற்றச் சொன்னேன்.
மூட்டை தைக்கும் பையன் கேட்டான்,
"செடி ஏதாச்சும் வெச்சிருக்கீங்களாக்கா?"
மண் சத்தம் போட்டுக் குடித்தது.
முப்பது. பதினேழு. ஒன்பது.
நாளைக்குக் காய்ந்தால் மறுபடி ஏறும்,
எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்: வாரம் இரண்டு முறை.

மேடை முனையில் வலையை அறுத்து
டேப் சுற்றி, எதையும் தொடாமல் நிற்கவிட்டேன்.
ஆபீஸ் முனையை மட்டும் குழிக்கு இழுத்தேன்.
மெல்லிய கேபிளுக்குத் தனியாக இரும்புக் குழாய்.
நாலு மணி ஆகிவிட்டது.
மோட்டார் ஓட ஓட
பூஜ்யம் நின்றது.

பாவாயி டிராக்டரை ஏற்றினாள். எண் அசையவில்லை.
இறங்கி வந்து கேட்டாள்:
"அப்போ தையிலேர்ந்து நான் போட்ட பன்னெண்டு லோடு?"

தங்கராசு செல்போனைப் பார்த்தார்.

"கூட்டியும் காட்டியிருக்கும்," என்றேன்,
"குறைச்சும் காட்டியிருக்கும்.
அது ஆள் பாக்காது."

"ஆள் பாக்காததை
நான் யாருன்னு திட்டறது?"

சர்வீஸ் தாளில் எழுதினேன்:
ஷீல்டு, ஒரு முனை விடுவிக்கப்பட்டது.
முதலாளி கையெழுத்துக்குக் கட்டம் இருக்கிறது,
எனக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
அவள் பேனாவை வாங்கி
ஓரத்தில், ஃபைலுக்குத் துளை போடும் இடத்தில்,
தன் பேரை முழுசாக எழுதினாள்.